கீழடிக் குப்பையில் ஒரு காட்டு விலங்குக் கணக்கு

கீழடி அறிக்கையில் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற ஒரு பகுதி உண்டு. விலங்கு எலும்புகள் பற்றிய பகுதி.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அந்த அறிக்கையை 2019 செப்டம்பரில் வெளியிட்டது. அப்போ டிவியிலும் வாட்ஸப்பிலும் ஓடியது ரெண்டே விஷயம்தான். ஒன்று, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கரிமக் கணிப்பில் கி.மு. 580 என்று வந்தது. இன்னொன்று, பானை ஓடுகளில் இருந்த தமிழி எழுத்து. ரெண்டும் முக்கியம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அதே அறிக்கையில் மூன்றாவதாக ஒரு தகவலும் இருந்தது. அகழ்ந்த குழிகளில் கிடைத்த 70 எலும்பு மாதிரிகளை புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பி, எது எந்த விலங்கு என்று பார்த்திருந்தார்கள்.

பதில் வந்த பட்டியல் இது: மாடு, எருமை, செம்மறி ஆடு, வெள்ளாடு, நீல்காய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில்.

முதல் நான்கும் வீட்டு விலங்குகள். மாதிரிகளில் 53 சதவீதம் இவைதான். அதனால் கீழடி ஆட்கள் கால்நடை வளர்த்தவர்கள் என்று அறிக்கை சொல்கிறது. செய்திகளும் அதோடு நின்றுவிட்டன. எனக்கு ஆர்வம் பின்னால் வருகிற நான்கு பேர் மேல்தான். தொல்லியல் படிக்கிறவர்களுக்கு இது "உணவுப் பழக்கம்" என்கிற தலைப்புக்குள் அடங்கிவிடும். காட்டுயிர் ஆய்வு செய்கிறவர்கள் கீழடி அறிக்கையைத் தேடிப் படிக்கப் போவதில்லை. ரெண்டு துறைக்கும் நடுவில் விழுந்து கிடக்கிற இந்தச் சின்னப் பட்டியல், வைகைச் சமவெளி எப்படி இருந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கிற நேரடிச் சாட்சிகளில் ஒன்று. அதை எப்படிப் படிப்பது, எந்த அளவுக்கு நம்புவது, இன்றைக்கு அதனால் என்ன பிரயோஜனம்? இந்த மூன்றையும்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நாலு பேரில் ரெண்டு பேர்

முதலில் அந்த நாலு விலங்கும் இன்றைக்கு எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம்.

மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்க திருநகரில் காலையில் மொட்டை மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலே நிற்கும். திருப்பரங்குன்றம் மலையடிவாரம் பூரா அதன் சத்தம்தான். காட்டுப்பன்றியும் குறைவில்லை. மலையோரத்தில் கடலை, மரவள்ளி போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்க, ராத்திரி தூங்க முடியலன்னு சொல்வாங்க. பன்றித் தொல்லை பற்றிய புகார் சட்டமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

வெளிமான் கதை வேறு. புல்வாய், இரலை என்றெல்லாம் பழைய தமிழில் பெயர் உள்ள விலங்கு இது. ஆண் மேலே கருப்பு, வயிறு வெள்ளை, திருகின கொம்பு. இன்று தமிழ்நாட்டில் இது சில இடங்களில்தான் மிச்சம்: கோடியக்கரை, கிண்டி, சத்தியமங்கலம் – மோயாறு பகுதி, பிறகு தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு. வல்லநாட்டுச் சரணாலயத்தின் பரப்பு 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். நமக்குத் தெற்கே உள்ள கடைசி வெளிமான் கூட்டம் அதுதான். மதுரைச் சமவெளியில் கிடையாது.

நீல்காய் அதைவிடத் தூரம். மாடு மாதிரி உடம்பு, குதிரை மாதிரி நிற்கும் தோரணை, ஆனால் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இரலை வகை. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். நம்ம ஊர்க்காரர்கள் பார்க்கணும்னா வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குத்தான் போகணும். இத்தனை பெரிய விலங்கு மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் இருக்கிற ஒரு ஊரில் கறியாகியிருக்கிறது, அதற்கு நமக்கு இன்று பேச்சுத் தமிழில் ஒரு பெயர்கூட இல்லை. இந்திப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆக, நாலில் ரெண்டு இருக்கிறது, ரெண்டு போய்விட்டது. போனவை எவை என்று கவனியுங்கள். வெளிமான் குட்டைப் புல்லும் திறந்த வெளியும் இல்லாமல் வாழாது. ஆபத்து வந்தால் ஒளியாது, ஓடும். ஓடுவதற்கு இடம் வேணும். நீல்காயும் அடர்ந்த காட்டைத் தவிர்க்கிற விலங்கு. புதரும் புல்லும் கலந்த வெளி அதற்குப் பிடிக்கும். காட்டுப்பன்றிக்குத் தண்ணீரும் மறைவும் போதும். மயிலுக்குப் புதரும் வயலும் போதும். இந்த நாலையும் எருமையோடு சேர்த்து ஒரே ஊரின் குப்பையில் பார்த்தால் ஒரு காட்சி கிடைக்கிறது: ஆற்றோரம் ஈரமும் நாணலும், அதைத் தாண்டி புதர், அதைத் தாண்டி கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி.

"ஆதியில் இங்கே அடர்ந்த காடு இருந்தது, மனுசன் வெட்டினான்" என்பதுதான் நாம் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்த கதை. இந்த எலும்புகள் சொல்லும் கதை அது இல்லை.

எலும்பை எப்படிப் படிக்கிறார்கள்

குழியில் கிடைப்பது முழு எலும்புக்கூடு கிடையாது. பெரும்பாலும் விரல் நீளத் துண்டுகள். சமைக்கும்போது உடைந்தது, நாய் கடித்தது, மேலே மண் அழுத்தி நொறுங்கியது. இதில் விலங்கின் பெயரைச் சொல்லக்கூடிய பாகங்கள் கொஞ்சம்தான்: பற்கள், கொம்பின் உள் எலும்பு, மூட்டு முனைகள், கணுக்கால் எலும்பு. இவற்றை ஆய்வகத்தில் இருக்கிற, பெயர் தெரிந்த எலும்புக்கூடுகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். டெக்கான் கல்லூரி மாதிரி இடங்களுக்கு அனுப்புவது அதனால்தான்.

இதில் சிக்கலான இடங்களும் உண்டு. செம்மறி, வெள்ளாடு, வெளிமான் மூன்றும் அளவில் ஒன்றுக்கொன்று நெருக்கம். உடைந்த விலா எலும்பை வைத்து இது வெளிமான் என்று யாரும் சொல்ல முடியாது. அதே மாதிரி நீல்காயும் மாடும். நல்ல பல்லோ, கொம்பு எலும்போ, மூட்டோ கிடைத்தால்தான் உறுதி.

அடுத்தது எண்ணிக்கை. பத்துத் துண்டு மாட்டெலும்பு என்றால் பத்து மாடா? ஒரே மாடாகவும் இருக்கலாம். அதனால் ரெண்டு விதமாக எண்ணுவார்கள். ஒன்று, அடையாளம் தெரிந்த துண்டுகள் மொத்தம் எத்தனை. இன்னொன்று, குறைந்தபட்சம் எத்தனை விலங்கு இருந்திருக்க வேண்டும். மூன்று இடது முழங்கால் எலும்பு கிடைத்தால் குறைந்தது மூன்று விலங்கு, ஏன்னா ஒரு மாட்டுக்கு இடது முழங்கால் ஒன்றுதானே.

மூன்றாவது, எலும்பின் மேலே உள்ள தழும்புகள். கத்தி போட்ட வெட்டு மெல்லிசாக, அடியில் கூர்மையாக இருக்கும். நாய், நரி பல் பட்ட இடம் அகலமாக, அடியில் வளைவாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கீழடியில் இரலை வகை, ஆடு, காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டுத் தழும்பு இருந்ததால்தான் இவை சாப்பாட்டுக்கானவை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இது சர்வர் லாக் மாதிரி

நான் பிழைப்புக்குச் செய்வது சாப்ட்வேர். எங்க வேலையில் லாக் பைல் என்று ஒன்று உண்டு. இணையதளத்துக்கு யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று வரிசையாகப் பதிவாகியிருக்கும். அதை வைத்து நிறையச் சொல்லலாம். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லக்கூடாது: லாகில் இல்லாதவர்கள் உலகத்திலேயே இல்லை என்று.

எலும்புக் குப்பையும் அப்படித்தான். அது கீழடியைச் சுற்றி வாழ்ந்த விலங்குகளின் கணக்கெடுப்பு அல்ல. கீழடி மக்கள் கொன்று, சுமந்து வந்து, தின்று, போட்டதில் மண் காப்பாற்றி வைத்தது மட்டும்தான். முயல், கௌதாரி, மீன் எலும்பெல்லாம் மெல்லிசு. அமிலத்தன்மையுள்ள மண் என்றால் கரைந்துவிடும். மண்ணை நைஸாகச் சலிக்காவிட்டால் கண்ணில் படாமலே போய்விடும். பெரிய விலங்கை வேட்டையாடினால் முழுசையும் தூக்கி வர மாட்டார்கள். அங்கேயே அறுத்துவிட்டு, தோலைச் சுருட்டி எடுத்து வரும்போது குளம்பு எலும்பு மட்டும் அதோடு ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வரும். தோல் வியாபாரத்தில் தூரத்திலிருந்துகூட வரலாம்.

70 என்கிற எண்ணும் சின்ன எண். அதில் 53 சதவீதம் என்றால் 37 மாதிரி. மீதி 47 சதவீதமும் வேட்டை விலங்கு என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் குழியிலும் பெயர் சொல்ல முடியாத துண்டுகள் இருக்கத்தான் செய்யும். "கீழடியில் பாதிப் பேர் மான் கறி சாப்பிட்டார்கள்" என்று யாராவது மீம் போட்டால் நம்பாதீங்க.

அப்போ இதிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? "இல்லை" என்று எதையும் சொல்ல முடியாது. "இருந்தது" என்பதைச் சொல்லலாம். வெளிமானும் நீல்காயும் கீழடி மக்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அந்த ஒரு வார்த்தைக்கே மதிப்பு அதிகம்.

குப்பை எலும்பும் வனத்துறையும்

அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் ஆர். லீ லைமன் என்று ஒரு தொல்லியலாளர். அவர் 1996இல் 'வேர்ல்ட் ஆர்க்கியாலஜி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அகழாய்வில் கிடைக்கும் விலங்கெலும்புகள் காட்டுயிர் நிர்வாகத்துக்கு நேரடியாகப் பயன்படும், ரெண்டு துறையும் பேசிக்கொள்ளணும் என்பதுதான் அதன் சாரம். சும்மா தத்துவமாகச் சொல்லவில்லை. அவர் கையில் கடல் நீர்நாய் கதை இருந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் கடல் நீர்நாயை ரோமத்துக்காக வேட்டையாடி 1900களின் தொடக்கத்தில் முடித்துவிட்டார்கள். 1970, 71இல் அலாஸ்காவிலிருந்து சுமார் 90 நீர்நாய்களைப் பிடித்து வந்து அங்கே விட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. லைமன் ஓரிகன் கடற்கரையில் பழங்குடி மக்கள் வாழ்ந்த இடங்களில் கிடைத்த பழைய நீர்நாய்ப் பற்களை அளந்து பார்த்தார். அளவுகள் அலாஸ்கா நீர்நாயைவிடக் கலிபோர்னியா நீர்நாய் பக்கம் சாய்ந்தன. அப்படியென்றால் தப்பான இடத்திலிருந்து கொண்டு வந்தோமா என்று கேள்வி வந்தது. பிறகு டி.என்.ஏ. ஆய்வாளர்கள் அதே மாதிரி எலும்புகளைக் கையில் எடுத்தார்கள். சில முடிவுகள் தெற்கே காட்டின, சில வடக்கே காட்டின, விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. மறுபடி நீர்நாயை விடலாமா என்று பேசும்போது அந்தக் குப்பை எலும்புகளும் மேஜைக்கு வருகின்றன.

இந்தியாவிலும் உதாரணம் உண்டு. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்தில் லாங்னஜ் என்ற இடத்தை டெக்கான் கல்லூரியின் ஹெச்.டி. சங்காலியா அகழ்ந்தார். அங்கே கிடைத்த எலும்புகளை ஜூலியட் க்ளட்டன்-ப்ராக் ஆராய்ந்து 1965இல் எழுதினார். அந்தப் பட்டியலில் காண்டாமிருகம் இருக்கிறது! இன்று வறண்டு கிடக்கிற வடக்கு குஜராத்தில். காண்டாமிருகம் என்றால் அசாம் என்று நம் தலையில் பதிந்திருக்கிறதே, அது கடைசியில் ஒதுங்கின இடம், சொந்த ஊர் அது மட்டும் கிடையாது.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த மீன் அளவையே "இயல்பு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்கும். இப்படி அளவுகோலே கீழே நழுவிக்கொண்டு போகிறது, யாருக்கும் பெரிதாக இழந்த மாதிரி தெரியாது. மதுரைக்காரனுக்கு வெளிமான் இல்லாதது ஒரு இழப்பாகவே தெரியாததற்குக் காரணம் இதுதான். அப்பா பார்க்கல, தாத்தா பார்க்கல, அப்புறம் எங்கே தேடுவது?

ஏன் போயின?

எலும்பு "இருந்தது" என்று சொல்லும். ஏன் போனது என்று சொல்லாது. அதற்கு வேறு சாட்சிகள் வேணும்.

எளிதான பதில், "புல்வெளி வயலானது". வெளிமானுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். பாண்டியர் காலத்திலிருந்து கண்மாய் மேல் கண்மாயாக வெட்டி இந்தச் சமவெளி நஞ்சையானது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் வைகைக்கு வந்ததும் மேலூர் வரை நிலத்தின் முகமே மாறிவிட்டது. வல்லநாடு மாதிரி யாரும் உழாத பாறைக்குன்றுகளில்தான் வெளிமான் மிஞ்சியது.

ஆனால் நீல்காய்க்கு இந்தப் பதில் போதாது. பீகாரில் போய்ப் பாருங்க. வயல் நடுவில் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. பயிர்ச்சேதம் தாங்காமல் 2015 டிசம்பரில் மத்திய அரசு பீகாரின் சில மாவட்டங்களில் அதைத் தொல்லை விலங்கு என்றே அறிவித்தது. 2016இல் சுட்டும் தள்ளினார்கள். ஆக, வயல் வந்தால் நீல்காய் அழியும் என்பது விதி இல்லை. வடக்கே அதன் பெயரிலேயே 'காய்', அதாவது பசு, இருப்பதால் பல ஊர்களில் கொல்லத் தயங்குகிறார்கள். இங்கே அந்தப் பாதுகாப்பு அதற்கு இருந்திருக்காது. கீழடியின் வெட்டுத் தழும்புகளும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. மயிலுக்கு நம்ம ஊரில் முருகன் வாகனம் என்ற கவசம் உண்டு. நிலம் மட்டுமல்ல, மனுசங்க மனசும் சேர்ந்துதான் எது மிஞ்சும் என்று தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

இன்றைக்கு இதனால் என்ன?

மதுரை, சிவகங்கை, விருதுநகர் சுற்றி இன்னமும் திறந்த வெளி மிச்சம் இருக்கிறது. மேய்ச்சல் புறம்போக்கு, பாறைக்குன்று, கண்மாய்க் கரையோரம். அரசாங்க ஆவணத்தில் இதற்குப் பெயர் தரிசு. மத்திய அரசு வெளியிடுகிற தரிசு நில வரைபட நூலில் புதர்க்காட்டு நிலமும் தரிசு வகைக்குள்தான் வருகிறது. தரிசு என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். குவாரிக்குக் கொடுக்கலாம், சோலார் பேனல் போடலாம், நல்லெண்ணத்தோடு ஆயிரம் மரக்கன்று நடலாம். மரம் நடுவது எல்லா இடத்திலும் நல்லது என்றே நாம் பழகிவிட்டோம். வெளிமான் வாழ்ந்த புல்வெளியில் மரம் நட்டால் அது மீட்பு இல்லை, இன்னொரு மாற்றம். சீமைக் கருவேலம் தானாகப் பரவி மூடியதை நாம் கையால் செய்கிறோம், அவ்வளவுதான். இந்த வெளி இப்படித்தான் இருந்தது என்பதற்குக் கீழடி எலும்பு ஒரு ஆவணம்.

இப்படி ரெண்டு துறையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. மேலூர் பக்கம் 193.42 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அறிவிப்பில் 250 பறவை வகைகளும் லகர் வல்லூறும் எறும்புதின்னியும் இருந்தன. அதே அறிவிப்பில் தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருந்தன. 2024 நவம்பரில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தபோது ஊர்மக்கள் இந்த ரெண்டையும்தான் கையில் எடுத்தார்கள். வல்லூறுக்காக வந்தவர்களும் கல்வெட்டுக்காக வந்தவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. வரலாறு தனி, இயற்கை தனி என்று பிரித்து வைத்திருந்தால் அந்த வழக்கு இவ்வளவு பலமாக இருந்திருக்காது.

கீழடிக்கு வருவோம். முதல் ரெண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் மத்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025இல் அதைத் திருத்தித் தரச் சொன்னார்கள், பெரிய அரசியல் சண்டையானது. சண்டை பூரா வயசைப் பற்றித்தான்: எத்தனை நூற்றாண்டு முன்னால் போகலாம் என்று. போகட்டும், அது தீரும்போது தீரட்டும். எனக்கு வேண்டியது இன்னும் சாதாரணமான விஷயம். எந்த மண்ணடுக்கில் எந்த விலங்கு எத்தனை துண்டு என்று ஒரு அட்டவணை. மண்ணை எந்த அளவு சல்லடையில் சலித்தார்கள் என்று ஒரு வரி. கீழடுக்கில் வெளிமான் அதிகமாகவும் மேலடுக்கில் குறைவாகவும் இருந்தால், அந்தப் புல்வெளி எப்போது சுருங்க ஆரம்பித்தது என்பதையே படிக்கலாம். கீழடி, அகரம், மணலூர் என்று பல இடத்தில் பல கட்டமாகத் தோண்டியிருக்கிறார்கள். எலும்பு கண்டிப்பாகப் பெட்டிகளில் இருக்கும்.

அடுத்த அறிக்கை எது வந்தாலும், கரிமக் கணிப்புத் தேதியைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீங்க. எலும்புப் பட்டியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்க. காட்டுயிர் படிக்கிற நண்பர் யாராவது இருந்தால் அந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பி வையுங்க. வல்லநாட்டில் வெளிமான் எண்ணுகிற ஆளும், கீழடியில் வெளிமான் எலும்பு எண்ணுகிற ஆளும் ஒரே விலங்கைத்தான் எண்ணுகிறார்கள். அவங்க ரெண்டு பேரும் இன்னும் சந்திக்கலன்னா, நடுவில் இருக்கிற நம்மள மாதிரி ஆட்களாவது அறிமுகம் செய்து வைக்கலாமே.